சமாதானம் பேசப் போனவர்கள் யார்?

கொஞ்சம் நீளமான பதிவு. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகப் படியுங்கள்.

அக்டோபர் 31. இந்தத் தேதிக்கு என்ன விசேஷம் என்று கேட்டால் என்னிடம் படித்தவர்கள் இரண்டு பதில் சொல்வீர்கள். 1875இல் சர்தார் வல்லபபாய் படேல் பிறந்த நாள். 1984இல் இந்திரா காந்தி அம்மையார் சுட்டுக் கொல்லப்பட்ட நாள். இரண்டுக்கும் முழு மதிப்பெண். ஆனால் மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்றைய பதிவு.

2000ஆம் ஆண்டு இதே அக்டோபர் 31 அன்று ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை 1325 என்ற எண்ணுள்ள தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. 2025 அக்டோபர் 31 அன்று அதற்கு 25 ஆண்டுகள் முடிந்தன. போர் நடக்கும் இடங்களில் பெண்களைக் காப்பாற்றுங்கள் என்று சொன்னதோடு அந்தத் தீர்மானம் நின்றுவிடவில்லை. போரைத் தடுக்கிற வேலையிலும், சமாதானம் பேசுகிற மேசையிலும், போருக்குப் பிறகு நாட்டைக் கட்டி எழுப்புகிற திட்டத்திலும் பெண்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னது. பங்கேற்பு, பாதுகாப்பு, தடுப்பு, நிவாரணமும் மீட்சியும் என்று அதன் நான்கு தூண்களைச் சொல்வார்கள்.

இதைக் கொண்டுவந்தது ஏதோ பணக்கார நாடுகள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஆண்டு மார்ச் மாதம் பாதுகாப்புச் சபைக்குத் தலைமை வகித்தது நம் பக்கத்து நாடான வங்கதேசம். அதன் தூதர் அன்வருல் சவுத்ரி மார்ச் 8, மகளிர் தினத்தன்று இந்தப் பேச்சைச் சபையில் தொடங்கி வைத்தார். மே மாதம் நமீபியாவின் தலைநகர் விந்தோக்கில் ஒரு பிரகடனம் வந்தது. அக்டோபரில் சபைத் தலைமை நமீபியாவுக்கு வந்தபோது தீர்மானமும் நிறைவேறியது. போரையும் விடுதலையையும் தங்கள் வீட்டு வாசலில் பார்த்த நாடுகள் கொண்டுவந்த தீர்மானம் இது.

சரி, இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் நம் மொழி பேசுகிற மக்கள் வாழ்கிற மண்ணில் 26 ஆண்டுகள் போர் நடந்தது. அந்தப் போரை நிறுத்தப் பல முறை பேசினார்கள். அந்தப் பேச்சுகளில் பெண்கள் எங்கே இருந்தார்கள் என்று தேடிப் பார்த்தால் ஒரு பெரிய வரலாறு கிடைக்கிறது. அதைத்தான் வரிசையாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் நம் வீட்டுச் செய்தி ஒன்று.

போர் என்றதும் தமிழ்ப் பாடத்தில் நமக்கு முதலில் நினைவுக்கு வருகிற பெண் யார்? மகனைப் போருக்கு அனுப்பிய புறநானூற்றுத் தாய். மேடைப் பேச்சில் பலமுறை கேட்டிருக்கிறோம். அதே புறநானூற்றில் இன்னொரு பெண்ணும் இருக்கிறார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார். தொண்டைமான் தன் ஆயுதசாலையைப் பெருமையாகக் காட்ட, அவர் அதைப் பாராட்டுவது போலவே பேசி, போர் பழகாத அவன் நிலையை அவனுக்கு உணர்த்திவிட்டு வந்தார். ஒரு மன்னன் தன் நாட்டின் பாதுகாப்பைப் பற்றிப் பேச ஒரு பெண்ணை அனுப்பியிருக்கிறான். வீரத்தாயை நாம் ஆயிரம் முறை சொன்னோம். தூது போன பெண்ணை அந்த அளவுக்குச் சொல்லவில்லை. இலங்கைப் போரிலும் இதுதான் நடந்தது. இரண்டு தரப்புமே வீரத்தாயைக் கொண்டாடின. சமாதானம் கேட்ட தாயைக் கண்டுகொள்ளவில்லை.

இனி இலங்கைக்கு வருவோம். இரண்டு ஒப்பந்தங்களைப் பார்ப்போம்.

முதலாவது 1964 அக்டோபர் 30, டெல்லி. சிறிமாவோ பண்டாரநாயக்கவும் நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். இலங்கையில் நாடற்றவர்களாக நின்ற இந்திய வம்சாவளித் தமிழர்கள் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று முடிவு. நம் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் ராமநாதபுரம், மதுரை, திருச்சிப் பக்கங்களிலிருந்தும் கப்பலேறிப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் அந்தக் கணக்கில் இருந்தவர்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்த ஒப்பந்தத்தில் இலங்கை சார்பில் கையெழுத்திட்டவர் ஒரு பெண். உலகத்திலேயே முதல் பெண் பிரதமர். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோரும் பெண்கள். ஆனால் அந்தத் தோட்டத்துப் பெண்களை அழைத்து, "உனக்கு இங்கே இருக்க விருப்பமா, அங்கே போக விருப்பமா, உன் அக்கா ஒரு பக்கமும் நீ ஒரு பக்கமும் ஆனால் என்ன செய்வாய்?" என்று யாரும் கேட்கவில்லை. ஆகவே, "நம் பக்கம்தான் இந்திரா இருந்தாரே, சிறிமாவோ இருந்தாரே, சந்திரிகா இருந்தாரே, பெண்களுக்கு என்ன குறை?" என்று யாராவது கேட்டால் இந்த 1964ஐச் சொல்லுங்கள். ஒரு பெண் தலைவராக இருப்பது ஒன்று. முடிவைச் சுமக்கப் போகிற பெண்கள் அந்த முடிவில் பங்கெடுப்பது வேறொன்று.

இரண்டாவது 1987 ஜூலை 29, கொழும்பு. ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கையெழுத்திட்ட இந்திய இலங்கை ஒப்பந்தம். இரண்டு அரசுகள் பேசி, இரண்டு அரசுகள் கையெழுத்திட்டன. இந்திய அமைதிப்படை போனது. அக்டோபரிலேயே அமைதிப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் சண்டை மூண்டது. நடுவில் மாட்டிக்கொண்டது பொதுமக்கள்.

இந்த ஒப்பந்தங்களுக்கு வெளியே பெண்கள் சும்மா இருந்தார்களா என்றால், இல்லை.

1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி உருவானது. ராணுவம் இளைஞர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்துக்கொண்டு போனது. தாய்மார்கள் திரண்டு கச்சேரிக்கு ஊர்வலமாகப் போய், அரசாங்க அதிபரிடம் பிள்ளைகளைக் கேட்டார்கள். கச்சேரி என்றால் பாட்டுக் கச்சேரி இல்லை, பிள்ளைகளே. நம் ஊர்க் கலெக்டர் ஆபீஸுக்கு அங்கே அந்தப் பெயர். சமையலறையை விட்டு வராத பெண்கள் தெருவுக்கு வந்தது அந்த மண்ணுக்குப் பெரிய செய்தி. ஆனால் ஆயுத இயக்கங்களின் பிடி இறுக இறுக, அந்த முன்னணியின் சொந்தக் குரல் மெல்ல அடங்கிப்போனது.

மட்டக்களப்பில் அன்னையர் முன்னணியைச் சேர்ந்த பூபதி அம்மா, பத்துப் பிள்ளைகளின் தாய், 1988 மார்ச் 19 அன்று மாமாங்கப் பிள்ளையார் கோயிலில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். கோரிக்கை இரண்டே இரண்டு. இந்திய அமைதிப்படை போரை நிறுத்த வேண்டும், புலிகளோடு பேச வேண்டும். ஏப்ரல் 19 அன்று அவர் உயிர் பிரிந்தது. உண்ணாவிரதத்தைப் போராட்ட ஆயுதமாக உலகத்துக்குக் காட்டிய காந்தியின் நாட்டுப் படை அங்கே நின்றது. அந்த முறையிலேயே ஒரு தாய் கேட்டார். பதில் கிடைக்கவில்லை. இந்தியர்களாகிய நாம் தலைகுனிந்து படிக்க வேண்டிய பக்கம் இது. பிறகு புலிகள் அவர் இறந்த நாளைத் தங்கள் இயக்க நினைவு நாளாக ஆக்கிக்கொண்டார்கள். "சண்டையை நிறுத்திப் பேசுங்கள்" என்ற அவர் கோரிக்கை பின்னால் போய், அவர் தியாகம் மட்டும் முன்னால் வந்தது.

அடுத்து டாக்டர் ராஜினி திராணகம. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவர். அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிற இடத்தின் பெயரும் திருநெல்வேலிதான். ராணுவம் செய்ததையும், அமைதிப்படை செய்ததையும், இயக்கங்கள் செய்ததையும் ஒரே தராசில் வைத்து எழுதியவர். போரில் பாதிக்கப்பட்ட பெண்களின் வாக்குமூலங்களைத் திரட்டியவர். மூன்று சக பேராசிரியர்களோடு சேர்ந்து அவர் எழுதிய "முறிந்த பனை" வெளிவருவதற்குள், 1989 செப்டம்பர் 21 அன்று பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. கொன்றது புலிகள் என்று அவருடைய சக எழுத்தாளர்கள் குற்றம் சாட்டினார்கள்.

இது தமிழர் பகுதியின் கதை மட்டும் இல்லை. தெற்கே சிங்களப் பகுதியிலும் இதே காலத்தில் ஜே.வி.பி. கிளர்ச்சியும் அதை அடக்கிய அரச வன்முறையும் நடந்தன. பல்லாயிரக்கணக்கான சிங்கள இளைஞர்கள் காணாமல் போனார்கள். 1990 ஜூலையில் மாத்தறையில் தெற்கு அன்னையர் முன்னணி தொடங்கியது. அதற்குத் தலைவியாக வந்தவர் டாக்டர் மனோராணி சரவணமுத்து. அவர் தமிழர். அவர் மகன் பத்திரிகையாளர் ரிச்சர்ட் டி சொய்சா 1990 பிப்ரவரியில் வீட்டிலிருந்து கடத்தப்பட்டு, கடற்கரையில் பிணமாகக் கிடைத்தார். சிங்களத் தாய்மார் கூட்டத்துக்கு ஒரு தமிழ்த் தாய் தலைமை தாங்கிய அந்தச் செய்தியை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

1992இல் அந்தத் தாய்மார்கள் கொழும்பு முகத்துவாரத்தில் இருக்கிற காளி கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்து, தலைவிரி கோலமாக அரசைச் சபித்தார்கள். ஜனாதிபதி பிரேமதாசாவின் பிறந்த நாளைப் பார்த்து அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊர்வலத்துக்குத் தடை போடலாம், சாமி கும்பிடத் தடை போட முடியுமா? பௌத்தச் சிங்களத் தாய்மாருக்கு நியாயம் கேட்கத் தமிழர் கோயில் காளிதான் கிடைத்தாள். வயிறு எரிந்த தாய்க்கு எந்தக் கோயிலானால் என்ன?

இந்த முன்னணியை ஒழுங்குபடுத்தியவர்கள் இலங்கை சுதந்திரக் கட்சியின் இரண்டு எம்.பி.க்கள். ஒருவர் மங்கள சமரவீர. மற்றவர் மகிந்த ராஜபக்ச. ஆம், அவரேதான். காணாமல் போனவர்களின் விவரங்களை எடுத்துக்கொண்டு 1990இல் ஜெனிவாவுக்குப் புறப்பட்ட அவரிடமிருந்து விமான நிலையத்தில் போலீஸ் ஆவணங்களைப் பறித்தது. 1994இல் அவர்கள் கட்சி ஆட்சிக்கு வந்தது. காணாமல் போனோர் பற்றி விசாரிக்க ஆணைக்குழுக்கள் அமைத்தார்கள். அத்தோடு முன்னணி கரைந்துபோனது. 2009இல் போர் முடிந்தபோது ஜனாதிபதி நாற்காலியில் இருந்தவர் அதே மகிந்த ராஜபக்ச. தமிழ்த் தாய்மார்கள் அதே ஜெனிவாவுக்குப் போய் அவர் அரசுக்கு எதிராக முறையிட வேண்டி வந்தது. தாய்மார் கண்ணீர் தேர்தலுக்குப் பயன்படும். தேர்தல் முடிந்ததும் அவர்களுக்கு நாற்காலி இருக்காது. இது எந்தக் கட்சிக்கும் எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

இன்னொருவர் விசாகா தர்மதாச. கண்டியைச் சேர்ந்தவர். ராணுவ அதிகாரியான அவர் மகன் 1998இல் கிளிநொச்சிச் சண்டையில் காணாமல் போனார். பழி வாங்கு என்று அந்தத் தாய் கேட்கவில்லை. காணாமல் போன ராணுவத்தினரின் பெற்றோரைச் சேர்த்து அமைப்பு உண்டாக்கினார். ராணுவத்தினர் கழுத்தில் அடையாளத் தகடு அணிய வேண்டும் என்று போராடினார். வன்னிக்குப் போய்ப் புலிகள் தரப்புத் தாய்மாரையும் தலைவர்களையும் பார்த்துப் பேசினார். எதிரெதிரே நின்று சுட்டுக்கொண்டவர்களின் தாய்மார்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசினார்கள்.

இத்தனை பெண்கள் இருந்தும் மேசையில் என்ன நடந்தது?

2002 பிப்ரவரி 22 அன்று நார்வே நாட்டின் ஏற்பாட்டில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்தது. செப்டம்பரில் தாய்லாந்தில் பேச்சுவார்த்தை தொடங்கியது. இரண்டாவது சுற்று தொடங்கிய தேதி என்ன தெரியுமா? 2002 அக்டோபர் 31. தீர்மானம் 1325 நிறைவேறிச் சரியாக இரண்டு ஆண்டு. ஆனால் மேசையில் இரண்டு பக்கமும் பேச்சாளர்கள் எல்லாம் ஆண்கள். புலிகள் பக்கம் செயலாளராக அடேல் பாலசிங்கம் உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான். புலிகளின் படையில் ஆயிரக்கணக்கில் பெண்கள் சண்டை போட்டார்கள். சாவதற்குப் போதுமானவர்கள், பேசுவதற்குப் போதாதவர்களா என்று யாராவது கேட்டிருக்க வேண்டும்.

கேட்டார்கள். இலங்கையில் பெண்கள் அமைப்புகள் விடாமல் கேட்டன. அதன் விளைவாக 2002 டிசம்பரில் ஆஸ்லோ சுற்றில், பெண்கள் விவகாரங்களுக்கென ஒரு துணைக்குழு அமைக்க முடிவானது. அரசு சார்பில் ஐந்து பெண்கள், புலிகள் சார்பில் ஐந்து பெண்கள். அரசு அனுப்பியவர்களில் வரலாற்று அறிஞர் குமாரி ஜெயவர்த்தன, சட்டப் பேராசிரியர் தீபிகா உடகம ஆகியோர் இருந்தார்கள். முஸ்லிம் பெண்களும் இருந்தார்கள். புலிகள் பக்கம் தலைமை தமிழினி. நடுவில் இருந்து நடத்தியவர் நார்வேயின் ஆஸ்ட்ரிட் ஹைபெர்க். 2003 மார்ச் 5, 6 தேதிகளில் கிளிநொச்சியில் முதல் கூட்டம் கூடியது.

அவர்கள் எதைப் பற்றிப் பேச முடிவெடுத்தார்கள் என்று பாருங்கள். இடம்பெயர்ந்தவர்கள் ஊர் திரும்புவது. பெண்களின் தனிப்பட்ட பாதுகாப்பு. பள்ளி, ஆஸ்பத்திரி, சாலை. வேலையும் வருமானமும். அரசியலில் பெண்களுக்கு இடம். மனங்கள் சேர்வது. பெரிய மேசையில் எல்லை, அதிகாரம், படை விலக்கம் என்று பேசிக்கொண்டிருந்தபோது, இந்தச் சிறிய மேசையில் நாளைக்கு விடிந்தால் ஜனங்கள் எப்படி வாழ்வது என்பதைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

2003 ஏப்ரல் 21 அன்று புலிகள் பேச்சுவார்த்தையிலிருந்து விலகினார்கள். குழுவின் வேலையும் நின்றது. மார்ச் 5இலிருந்து ஏப்ரல் 21 வரை எண்ணிப் பாருங்கள். 47 நாள். அந்த நீண்ட போரில் அதிகாரபூர்வமான சமாதானப் பேச்சில் பெண்களுக்கென்று ஓர் இடம் இருந்த காலம் அவ்வளவுதான்.

தமிழினி 2009இல் கைதாகி, சிறையும் புனர்வாழ்வு முகாமும் கடந்து வெளியே வந்து, 2015இல் புற்றுநோயால் இறந்தார். அவர் எழுதிய "ஒரு கூர்வாளின் நிழலில்" அவர் மறைவுக்குப் பிறகு நம் நாகர்கோவில் காலச்சுவடு வெளியீடாக வந்தது. வாய்ப்பு இருப்பவர்கள் வாங்கிப் படியுங்கள்.

2009 மே மாதம் போர் முடிந்தது. சமாதானம் பேசி முடியவில்லை. அழித்து முடிந்தது. வடக்கிலும் கிழக்கிலும் கணவனை இழந்த பெண்கள் சுமார் 90,000 பேர் என்று அரசுத் தரப்பிலேயே அடுத்த ஆண்டு சொல்லப்பட்டது. இவ்வளவு வீடுகளைப் பெண்கள் தனியாகத் தூக்கிச் சுமந்தார்கள். உழுதார்கள், கூலிக்குப் போனார்கள், கண்ணிவெடி அகற்றும் வேலைக்கும் போனார்கள்.

போரின் கடைசி நாட்களில் தங்கள் கையாலேயே பிள்ளையையோ கணவனையோ ராணுவத்திடம் ஒப்படைத்த பெண்கள் இருக்கிறார்கள். "விசாரித்துவிட்டு விடுவோம்" என்ற சொல்லை நம்பி ஒப்படைத்தார்கள். அவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "நான் கொடுத்த பிள்ளை எங்கே?" 2016இல் காணாமல் போனோர் அலுவலகத்துக்குச் சட்டம் வந்தது. 2018இல் அது செயல்படத் தொடங்கியது. அந்தத் தாய்மார்களில் பெரும்பாலோருக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்பும், சில நாட்களில் வவுனியாவிலும் சாலையோரப் பந்தலில் உட்கார்ந்தார்கள். மடியில் புகைப்படம். 2025இல் அந்தப் போராட்டம் 3,000 நாட்களைத் தாண்டிவிட்டது. பதில் தெரியாமலே இறந்துபோன பெற்றோர் நூற்றுக்கும் மேற்பட்டோர். கண்ணகி ஒரு சிலம்பை எடுத்துக்கொண்டு போனாள். பாண்டியன் கேட்டான், பதில் சொன்னான், உயிரையும் விட்டான். இந்தத் தாய்மாருக்கு வாயிற்காவலன் வரைகூட வழி திறக்கவில்லை.

2003இல் அந்தத் துணைக்குழு நீடித்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. வரலாற்றில் "இருந்திருந்தால்" என்பதற்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் வேறு இடங்களில் பெண்களுக்கு இடம் கிடைத்தபோது என்ன நடந்தது என்று பார்க்கலாம்.

வட அயர்லாந்தில் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்று முப்பது ஆண்டு சண்டை. 1996இல் இரண்டு பக்கப் பெண்களும் சேர்ந்து, சில வாரங்களில் ஒரு கட்சி ஆரம்பித்து, நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் ஓட்டு வாங்கி, பேச்சுவார்த்தை மேசையில் இரண்டு இடம் பிடித்தார்கள். மற்றவர்கள் கேலி செய்தார்கள். இவர்கள் எழுந்து போகவில்லை. 1998 ஏப்ரல் 10 ஒப்பந்தத்தில், பாதிக்கப்பட்டவர்களின் துயரத்தை அங்கீகரிப்பதும், இரண்டு மதப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்க ஊக்கம் தருவதும் இடம்பெற்றன. அதில் இந்தப் பெண்களின் பங்கு பெரியது.

ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் 2003இல் லேமா போவீ தலைமையில் கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் வெள்ளை உடுத்தி மீன் சந்தை அருகே வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தார்கள். கானா நாட்டில் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனபோது, அங்கேயும் போய் மண்டப வாசலை மறித்து, "பேசி முடிக்காமல் யாரும் வெளியே போக முடியாது" என்றார்கள். ஆகஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2011இல் போவீக்கு நோபல் பரிசு பகிர்ந்து கிடைத்தது. நமக்குப் பெருமையான செய்தியும் இதில் உண்டு. 2007 ஜனவரியில் ஐ.நா. அமைதிப் பணிக்காக லைபீரியாவுக்குப் போன முதல் முழு மகளிர் போலீஸ் படை நம் சி.ஆர்.பி.எஃப். பெண்கள்தான். 2016 வரை அணி மாற்றி அணி அங்கே இருந்தார்கள்.

ஆனால் உலகக் கணக்கு என்ன சொல்கிறது? 1992 முதல் 2019 வரை நடந்த பெரிய சமாதானப் பேச்சுகளில் பேச்சாளர்களில் பெண்கள் 13 சதவீதம். கையெழுத்திட்டவர்களில் 6 சதவீதம்.

நம் தெற்காசியாவில் இன்னும் சங்கடம். 1985இல் டாக்காவில் சார்க் அமைப்பு தொடங்கியபோதே, இரு நாடுகளுக்கு இடையிலான சர்ச்சைகளை அங்கே பேசக்கூடாது என்று அதன் சாசனத்தில் எழுதிவிட்டார்கள். பெண்களையும் குழந்தைகளையும் கடத்துவதைத் தடுக்க 2002இல் சார்க் ஓர் உடன்படிக்கை செய்தது. நல்ல விஷயம். ஆனால் போரில் காணாமல் போன மகனைப் பற்றி ஒரு தாய் கேட்க அங்கே கதவே கிடையாது. 2014 காத்மாண்டு மாநாட்டுக்குப் பிறகு சார்க் உச்சி மாநாடு நடக்கவே இல்லை. 1325ஐ நடைமுறைப்படுத்த நேபாளம் 2011இல் தேசியச் செயல்திட்டம் வகுத்தது. வங்கதேசம் 2019இல் வகுத்தது. இலங்கையும் 2023இல் வகுத்தது. லைபீரியாவுக்குப் பெண் போலீஸை அனுப்பிய இந்தியாவிடம் அப்படி ஒரு திட்டம் இல்லை. 1984இல் உருவாகி, நாகாலாந்தில் இருதரப்பிடமும் "இனி ரத்தம் வேண்டாம்" என்று கேட்கிற நாகா அன்னையர் சங்கம் நம் நாட்டிலேயே இருந்தும் இல்லை.

இதெல்லாம் டெல்லியும் கொழும்பும் செய்ய வேண்டியது, நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். நம் பக்கத்துக்கு வருகிறேன்.

நம் மாவட்டத்தில் கோயில் கொடையோ, பாதைத் தகராறோ, சிலை விவகாரமோ வந்து இரண்டு தெருவுக்குள் முறுக்கிக்கொண்டால் என்ன செய்கிறோம்? தாலுகா ஆபீஸில் அமைதிப் பேச்சுவார்த்தை. தாசில்தார் இருப்பார், இன்ஸ்பெக்டர் இருப்பார், இரண்டு பக்கமும் நாட்டாமைகளும் பெரியவர்களும் இருப்பார்கள். முடிவைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். அந்தக் கையெழுத்துகளில் பெண் பெயர் எத்தனை இருக்கும்? தகராறு வந்தால் தண்ணீர்க் குழாய்க்குப் போக முடியாதவள் பெண். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பப் பயப்படுகிறவள் பெண். நள்ளிரவில் போலீஸ் வந்தால் ஆண்கள் ஓடிய வீட்டில் கதவைத் திறக்கிறவளும் பெண். பேசப் போகிறவர்கள் மட்டும் ஆண்கள். தமிழ்நாட்டில் 2016 முதல் உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடம் சட்டமாகியிருக்கிறது. ஆனாலும் பல ஊர்களில் தலைவர் பெயர் அம்மாவுடையது, நாற்காலி ஐயாவுடையது.

சங்கரன்கோவில்காரர்களுக்கு இது புதிதாகச் சொல்ல வேண்டிய சங்கதி இல்லை. சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கனும் பதுமனும் சண்டையிட்டபோது அந்த வழக்கு யாரிடம் போனது? கோமதி அம்மனிடம். அவள் ஒருவன் ஜெயித்தான், ஒருவன் தோற்றான் என்று தீர்ப்புச் சொல்லவில்லை. தபசு இருந்து இரண்டும் ஒன்று என்று காட்ட வைத்தாள். ஆடித் தபசுக்கு லட்சம் பேர் கூடுகிறோம். அந்தக் கதை சொல்கிற காரியத்தை மட்டும் தாலுகா ஆபீஸ் வாசலில் விட்டுவிடுகிறோம்.

என்னிடம் படித்தவர்களில் வி.ஏ.ஓ. இருக்கிறீர்கள், எஸ்.ஐ. இருக்கிறீர்கள், வருவாய்த் துறையில் இருக்கிறீர்கள், வார்டு உறுப்பினர்கள் இருக்கிறீர்கள், ஆசிரியர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் மூன்று கோரிக்கை.

ஒன்று, அடுத்த முறை அமைதிக் கூட்டம் கூட்டும்போது இரண்டு தெருவிலிருந்தும் சரிபாதி பெண்களை அழையுங்கள். மகளிர் குழுத் தலைவிகளைக் கூப்பிட்டாலே போதும், பத்துப் பேர் வருவார்கள். பேசவும் விடுங்கள். பதிவேட்டில் கையெழுத்தும் வாங்குங்கள்.

இரண்டு, வகுப்பில் ஒப்பந்தங்களை நடத்துகிற ஆசிரியர்கள், "கையெழுத்திட்டவர் யார்?" என்ற கேள்வியோடு "யாரைக் கேட்காமல் கையெழுத்திட்டார்கள்?" என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். பிள்ளைகள் யோசிப்பார்கள்.

மூன்று, கனடாவிலும் லண்டனிலும் சென்னையிலும் இருக்கிற நம் சொந்தங்களுக்கும் மாணவர்களுக்கும். உங்கள் அக்கம்பக்கத்தில், அலுவலகத்தில் இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் இருப்பார்கள். யார் சரி, யார் தப்பு என்று வாதாடுவதற்கு முன்னால், அந்த வீட்டுப் பெரியம்மாக்கள் பேச விரும்பினால் உட்கார்ந்து கேளுங்கள். அவர்களிடம் இருக்கிற வரலாறு எந்தப் புத்தகத்திலும் இன்னும் முழுதாக ஏறவில்லை. அந்தத் தலைமுறை வேகமாகக் குறைந்து வருகிறது.

படித்துவிட்டு உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். உங்கள் ஊர் அமைதிக் கூட்டத்தில் பெண்கள் உட்கார்ந்து பேசி முடித்த சம்பவம் ஏதாவது இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். ஊர்ப் பெயரும் ஆண்டும் போட்டு எழுதினால் இன்னும் நல்லது. வரலாறு அப்படித்தான் சேரும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
சங்கரன்கோவில்.